அஞ்சு வாட் வயர்லெஸ்

எங்கள் கழிப்பறை பல்பு இருபத்தைந்து வாட். அதனால், கிடாருக்கு ஐந்து வாட்டில் ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்யப் போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது, அந்த பல்பில் ஐந்தில் ஒரு பங்குதானே என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுச் சரி என்றேன். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் தூங்கும்போது சத்தம் கூடாது என்பது மட்டும்தான் என் நிபந்தனை. பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். வெளிச்சத்தின் வாட்டும் சத்தத்தின் வாட்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் அவர் குமிழை முழுக்கத் திருப்பி ஒரு கம்பியைத் தட்டினார். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பக்கத்துக் கரும்புக் காட்டில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பெட்டியால் எங்களுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன்; மற்றவர்களுக்கும் அந்த நிம்மதி இருக்கட்டும். மகளுக்கு இப்போது நான்கு வயது. ஆக்லாந்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தப் பெட்டி இருக்கிறது. இதை எழுதும்போதும் அதன் ப்ளக் பிடுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்போது நாங்கள் எங்கள் கரும்புத் தீவில், தவுவா ஊருக்கு வெளியே, மாமனாரின் குத்தகை நிலத்தில் இருந்த வீட்டில் இருந்தோம். கணவருக்கு வட்டுகோலா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. சனிக்கிழமைகளில் நாடியில் ஓர் ஓட்டலில் கிடார் வாசிக்கவும் போவார். இரண்டு ஆட்சிக் கவிழ்ப்புகளும் அடுத்தடுத்து வந்த வருஷம் வெளிநாட்டு விருந்தாளிகள் நின்றுபோனார்கள், ஓட்டலில் வாத்தியக் குழுவும் நின்றது. குழுவில் இருந்த பெரிய ஆம்ப்ளிஃபயர் ஓட்டலுடையது. கிடார் மட்டும் அவருடையது. மின்சாரம் இல்லாமல் அதைத் தட்டினால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும்.

இரண்டாவது கவிழ்ப்பு நடந்த மாதத்தில்தான் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு எங்கள் சாலையில் இந்தியர்கள் கிளம்பிக் கிளம்பி வாரம் ஒரு வீடாவது காலியாயிற்று. மாமாவின் நெருங்கிய நண்பர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். அவர் வீட்டில் ஒரு பழைய ரேடியோகிராம் இருந்தது. வால்வு போட்டது, சூடாகி முனகிய பிறகே பேசும். மாமா பல வருஷம் சாயங்காலம் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து டில்லி ரேடியோ கேட்டிருக்கிறார். நண்பர் போகும்போது அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லாரியில் குலுங்கி வந்ததாலோ, வயதாகிவிட்டதாலோ, எங்கள் வீட்டுக்கு வந்ததும் அது ஊமையாகிவிட்டது.

என் கணவர் அதைப் பிரித்துப் பார்த்தார். நிலையங்களைப் பிடிக்கிற பாகம் போய்விட்டது, ஒலியைப் பெருக்குகிற பாகம் நன்றாகவே இருந்தது. டிரான்ஸ்பார்மர், மூன்று வால்வு, ஒரு ஸ்பீக்கர். அவற்றை எடுத்து டீத்தூள் வருகிற பலகைப் பெட்டியில் பொருத்தி, கிடார் வயர் செருக ஒரு துளையும் வெளி ஸ்பீக்கர் மாட்ட ஒரு துளையும் போட்டார். முன்பக்கம் பெட்டியில் ஒரு நீளமான ஓட்டை மிச்சம் இருந்தது. அதை மூட, ரேடியோகிராமின் பழைய கண்ணாடியையே ஒட்டிவிட்டார். அந்தக் கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் இங்கிலீஷில் அச்சிட்டிருந்தன: டில்லி, லண்டன், கொழும்பு, மாஸ்கோ. பின்னால் ஒரு சின்ன விளக்கு. ஸ்விட்சைப் போட்டால் ஊர்கள் எல்லாம் மஞ்சளாக எரியும். பார்க்க அழகாக இருந்தது, நானும் அழகு என்றுதான் சொன்னேன்.

மாமாவிடம் இதைச் சரியாக விளக்கியவர் யாரும் இல்லை. "ரெடி பண்ணிட்டேன், பா" என்று மட்டும் மகன் சொன்னார். அதிலிருந்து மாமாவுக்கு அது வயர்லெஸ். அவர் தலைமுறைக்கு ரேடியோ என்ற சொல்லே கிடையாது. வால்வு எரிந்து சத்தம் போடுகிற எதுவும் வயர்லெஸ்தான். அதில் இப்போதைக்கு மகனின் கிடார் கேட்கிறது, ஒருநாள் டில்லியும் கேட்கும் என்று இருந்தார். நான் திருத்தியிருக்கலாம். வீட்டில் நானும் கணவரும் தீவின் இந்தியர்களுக்கெல்லாம் பொதுவான இந்தியில் பேசுவோம், மாமாவோடு மட்டும் தமிழ். தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு சின்ன வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதில் அவருக்கு என்மேல் ஒரு பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு அவர் சொல்லைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வேறு பயம் இருந்தது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கிப் போடும் என்று கணவர் சொல்லியிருந்தார். மகள் தவழ ஆரம்பித்தாள். பின்பக்கத்துக்குக் கம்பிவலை அடிக்கச் சொன்னேன். அடித்தார். வலையின் ஓட்டையில் பிள்ளையின் விரல் நுழையுமா என்று என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். பிறகு அவள் விரல் என் விரலைவிடச் சின்னது என்று ஞாபகம் வந்து, பெட்டியையே அரிசி டிரம்முக்கு மேலே ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். அவருக்குப் பொறுமை அதிகம்.

நியூசிலாந்துக்குப் போக மனுப் போட்டிருந்தோம். அவருடைய தொழிலுக்கு அங்கே ஆள் தேவைப்பட்டது. எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி: போலீஸ் கிளியரன்ஸ். இந்த ஆள் பேரில் எதுவும் பதிவாகவில்லை என்று ஒரு தாள், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அது வந்தால் போகலாம். அவர் பெயர் எந்த நோட்டிலாவது ஏறிவிட்டால் போக முடியாது. அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருந்தேன். அந்த மாதங்களில் சாலையில் சைக்கிளுக்கு விளக்கு இல்லாமல் போகாதீர்கள் என்றுகூட அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் மேற்குப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். ஆயுதம் தேடுகிறார்கள் என்று பேச்சு. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் சாலைக்குப் பட்டாள டிரக் வந்தது. கணவர் சுரங்கத்தில் காலை ஷிப்டில் இருந்தார். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகள் தரையில் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். மாமா கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். ஒருவர் கார்ப்பரல், வாசல் அகலத்துக்கு இருந்தார். இன்னொருவர் ஒல்லி, கையில் நோட்டு. இருவரும் காய்வீதி, தீவின் பூர்வகுடிகள், ஆனால் தவுவா பக்கத்தவர்கள்; நம் ஊர் இந்தி என்னைவிட வேகமாகப் பேசினார்கள். கார்ப்பரல் "புலா" என்று வணக்கம் சொல்லிவிட்டு, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்து, பிறகு வேலையாக வந்திருப்பது ஞாபகம் வந்தவர் போல நிமிர்ந்தார். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். கரும்பு வெட்டுகிற கத்தியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அரிசி டிரம்மைத் திறக்கப் போனபோதுதான் மேலே இருந்த பெட்டியைக் கார்ப்பரல் கவனித்தார்.

அதை இறக்கி மேசைமேல் வைத்துத் திருப்பினார். முந்தின நாள்தான் கணவர் ஏதோ இரைச்சலைச் சரிபார்க்க வலையைக் கழற்றியிருந்தார், திரும்ப மாட்டவில்லை. உள்ளே மூன்று கண்ணாடி வால்வு, கறுப்புக் கறுப்பாக வயர், எங்கேயும் ஒரு கம்பெனிப் பெயர் இல்லை. முன்பக்கம் திருப்பினார். டில்லி, லண்டன், கொழும்பு, மாஸ்கோ.

"ஈ கோன்ச்சி ஹை?" என்று கேட்டார். இது என்ன?

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பூவாளியோடு வாசலில் வந்து நின்றார்.

"வயர்லெஸ் ஹை" என்றார். "ஹமார் லர்கா பனாயிஸ்." என் மகன் செய்தது என்று, ரொம்பப் பெருமையாக.

நோட்டு வைத்திருந்தவர் எழுத ஆரம்பித்தார். மாமாவுக்கு ரேடியோ என்று பொருள்பட்ட சொல், பட்டாளத்துக்காரருக்குச் செய்தி அனுப்புகிற கருவி. அந்தக் கணத்தில் எனக்கு அது நன்றாகவே புரிந்தது. கை மாவில் இருந்தது. வெளி ஆட்கள் முன்னால், மாமனார் சொன்னதை மருமகள் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று நின்றேன். பத்து விநாடி இருக்கும். அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

கார்ப்பரல் குரலைத் தணித்துக்கொண்டார். "இது எதுவரைக்கும் போகும், ஆஜா?" என்றார். பெரியவர்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

"வட்டுகோலா வரைக்கும் கேக்கும்" என்றார் மாமா. போன வாரம் கணவர் குமிழைத் திருப்பியபோது யாரோ வேடிக்கையாகச் சொன்னதை அவர் நிஜமாக எடுத்துக்கொண்டிருந்தார். கார்ப்பரலின் முகம் மாறியதைப் பார்த்து, இன்னும் போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "டில்லியும் பிடிக்கும்" என்றார். "முன்ன தெனம் சாயங்காலம் டில்லிதான்."

"உங்க மகன் தினம் டில்லிகூடப் பேசுவாரா?"

"அவன் எங்க பேசறான். அவன் பொண்டாட்டிகிட்டயே பேச மாட்டான். டில்லி பேசும், நாங்க கேப்போம்."

பள்ளிக்கூடத்தில் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பிள்ளைகள் நோட்டைத் தலைகீழாகப் படித்துப் படித்து எனக்குப் பழக்கம். ஒல்லியானவர் எழுதியதைப் படித்தேன். வயர்லெஸ் செட், ஒன்று, வீட்டில் செய்தது. அதற்குக் கீழே டில்லி, மாஸ்கோ. அதற்குக் கீழே கணவரின் பெயரைக் கேட்பதற்காக நிமிர்ந்தார்.

"அது வயர்லெஸ் இல்லை, சார்" என்றேன். "கிடார் ஆம்ப்ளிஃபயர்."

கார்ப்பரல் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ ஆஜா பொய் சொல்றாரா?"

இதற்குத்தான் பயந்தேன். மாமா பூவாளியைக் கீழே வைத்தார். "இன்னா சொல்றாரு?" என்று என்னைத் தமிழில் கேட்டார்.

"பொய் இல்லை, சார். அவருக்கு அது வயர்லெஸ்தான். எங்க பெரியவங்க எல்லாத்தையும் அப்படித்தான் சொல்வாங்க. நான் போட்டுக் காட்டறேன்."

கையைக் கழுவாமலே கட்டிலுக்கு அடியிலிருந்து கிடாரை எடுத்தேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன், தரையில் விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தொட எனக்குத் துணிவில்லை. வயரின் ஒரு முனையைக் கிடாரில் செருகினேன். மறுமுனைக்குப் பெட்டியில் இரண்டு துளை இருந்தது. ஒன்று கிடாருக்கு, ஒன்று வெளி ஸ்பீக்கருக்கு. கணவர் எது எது என்று காட்டியிருந்தார், அப்போது நான் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்துத் துளையைச் சுற்றி அவர் விரலின் கிரீஸ் அடையாளம் இருந்தது. அதில் செருகினேன். ப்ளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

டில்லி எரிந்தது. லண்டன் எரிந்தது. மாஸ்கோ எரிந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை.

கிடார் கம்பியைத் தட்டினேன். கொசு பாடியது.

"வேலை செய்யலையே" என்றார் கார்ப்பரல்.

"சூடு ஆவணும்" என்று மாமா தமிழிலும் பிறகு இந்தியிலும் சொன்னார். "வயர்லெஸ்னா சூடு ஆவணும்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் மறுபடி வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு நின்றேன். கார்ப்பரல் பெட்டியின் பின்பக்கம் குனிந்து, இது எங்கே போகிறது என்று பார்க்கிறவர் போல ஒரு வயரை நோக்கி விரலை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். துப்பாக்கி வைத்திருக்கிற ஆளை. இடுப்பில் பிள்ளையோடு. மாவுக் கையால்.

ஒல்லியானவர் ஓரடி முன்னால் வந்தார்.

"கரண்ட், சார். செத்துப் போயிடுவீங்க" என்றேன்.

கார்ப்பரல் தன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். நான் கையை எடுத்தேன். அப்போது பெட்டியின் அடியிலிருந்து மெதுவாக ஒரு முனகல் எழும்பியது, சோற்றுப் பானை கொதிக்கத் தொடங்கும் முன் வருவது போல. வால்வுகளின் அடியில் சிவப்பாக ஒரு கோடு. என் மகள் அந்த முனகலைக் கேட்டதும் இடுப்பில் குதிக்க ஆரம்பித்தாள். தினமும் அப்பா வாசிக்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிகிற சத்தம் அது. குதித்துக் குதித்து, இரண்டு கையையும் கிடார்ப் பக்கம் நீட்டினாள்.

கார்ப்பரல் பெட்டியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எல்லாக் கம்பியையும் ஒன்றாகத் தட்டினேன். அசிங்கமான சத்தம். டம்ளர்கள் ஆடின. முற்றத்துக் கோழிகள் ஓடின. எனக்கு அவ்வளவுதான் தெரியும், இன்னொரு தரம் தட்டினேன்.

"போதும் போதும்" என்றார் கார்ப்பரல். "கிடாரைக் கொல்லாதே. இங்கே கொடு."

துப்பாக்கியை ஒல்லியானவரிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, காதைச் சாய்த்துச் சுருதி சேர்த்தார். பிறகு வாசித்தார். அவர்கள் ஊர்களில் மாலையில் பாயில் உட்கார்ந்து வாசிக்கிற மெட்டு, கேட்ட மாதிரி இருந்தது. மெதுவாக வாசித்தால் பெட்டி தெளிவாகப் பேசியது. அழுத்தித் தட்டினால் தொண்டை கட்டின ஆள் பாடுவது போலக் கரகரத்தது. கணவருக்கு அதில் அந்தக் கரகரப்புத்தான் உயிர்; சின்ன ஆம்ப்ளிஃபயர் சீக்கிரம் களைத்துப்போகும், களைக்கும்போதுதான் நன்றாக இருக்கும் என்பார். நான் அதை ஒரு கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். கார்ப்பரல் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி அதே இடத்துக்குப் போனார்.

டிரக்கில் இருந்த மற்றவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"டில்லிக்கு நல்லாக் கேக்குதாம்" என்றார் ஒல்லியானவர்.

மாமாவுக்கு அதில் சந்தேகமே இல்லை, தலையை ஆட்டினார். நான் எலுமிச்சை இலை டீ போட்டேன். குடித்தார்கள். "வினாகா, ஆஜா" என்று நன்றி சொல்லி மாமாவின் கையைக் குலுக்கினார்கள். மாமா நான்கு கத்தரிக்காய் பறித்துக் கொடுத்தார். டிரக் அடுத்த வீட்டுப் பக்கம் நகர்ந்தது. நான் ப்ளக்கைப் பிடுங்கினேன், பெட்டியை மாமா டிரம் மேல் ஏற்றினார், திரும்பி மாவுக்கு வந்து உட்கார்ந்தேன். உடம்பு லேசாகிவிட்டது. ஒரு ரொட்டி தேய்த்து முடிக்கிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

பிறகு நோட்டு ஞாபகம் வந்தது. கிடார் வாசிப்பதற்கு முன்னால் எழுதியது, வாசித்த பிறகு யாரும் திருத்தவில்லை. ஒல்லியானவர் அதை மூடி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். வயர்லெஸ் செட், ஒன்று. டில்லி, மாஸ்கோ.

போனால் குற்றமுள்ளவள் போலத் தெரியுமோ? போகாவிட்டால் அந்தத் தாள் எங்கெங்கே போகும்? கணவர் வரட்டும், அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம். ஆனால் அவர் வருவதற்குள் டிரக் போய்விடும். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது.

மூன்றாவது வீட்டு வாசலில் அவர்களைப் பிடித்தேன்.

"சார், நோட்டில வயர்லெஸ்னு இருக்கு."

"பரவாயில்லை" என்றார் ஒல்லியானவர். "எனக்குத் தெரியும், அது கிடார் பெட்டி."

"உங்களுக்குத் தெரியும், சார். அதைப் படிக்கப் போறவங்களுக்குத் தெரியாதே."

கார்ப்பரல் சிரித்தார். "எழுது, எழுது. அவங்க மறுபடி கிடார் வாசிச்சுடப் போறாங்க." ஒல்லியானவர் நோட்டைப் பிரித்து, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆம்ப்... எப்படி எழுதணும்?"

நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதினார். வயர்லெஸ் என்பதன் மேல் ஒரு கோடு போட்டார்.

"டில்லி, மாஸ்கோவையும், சார்."

அதன் மேலும் போட்டார்.

"பக்கத்தில உங்க கையெழுத்து."

"எதுக்கு?"

"அடிச்சுத் திருத்தினா பக்கத்தில கையெழுத்து வேணும், சார். இல்லாட்டி யாரோ பின்னால திருத்தினதுன்னு நினைப்பாங்க." வருகைப் பதிவேட்டில் எங்கள் தலைமையாசிரியர் அப்படித்தான் செய்ய வைப்பார். ஐந்து வருஷம் செய்த பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"டீச்சரா?" என்றார் கார்ப்பரல்.

"ஆமா, சார்."

"அதான். நம்ம சார்ஜன்ட் தேவலை, மேடம்." ஒல்லியானவர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் தலைகீழாகவே படித்துப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி வந்தேன். கால் முழுக்கக் கல்லும் முள்ளும் குத்தியிருந்தது.

கணவர் மூன்று மணி பஸ்ஸில் வந்தார். முழுக்கச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததுவரை முகம் வெளுத்துக் கேட்டவர், கையெழுத்து வாங்கியதைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "பட்டாளத்துக்காரன்கிட்ட கையெழுத்துப் போடச் சொன்னியா?"

"தப்பா?"

"தெரியலை" என்றார். அந்தப் பதில் எனக்குப் பல வாரம் கவலைப்படப் போதுமானதாக இருந்தது. நான் ஓடிப் போனதாலேயே சந்தேகம் வந்திருக்குமோ? ஆம்ப்ளிஃபயரில் ஒரு எஃப்தானா, இரண்டு எஃப்பா? அகராதியை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுதான், சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அந்தக் கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னேன். கணவர் திருப்புளியோடு போனார். மாமா விடவில்லை.

"அத எடுத்துட்டா எந்த ஊருன்னு எப்படித் தெரியும்?"

"மாமா, நம்ம வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் அது டில்லி பிடிச்சதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னும் இல்ல. சூடு பத்தல" என்றார். "அவனும் எப்பப் பாத்தாலும் கிடாரை மாட்டிகினே இருக்கான், அதுக்கு எங்க நேரம்."

கண்ணாடி அங்கேயே இருந்தது.

கிளியரன்ஸ் ஒரு புதன்கிழமை வந்தது. தவுவா தபால் நிலையத்தில் உறையை வாங்கி, அங்கேயே சுவரோரமாக நின்று பிரித்தேன். முதலில் என்னுடையது. அதைப் பார்க்காமல் அடுத்ததை எடுத்தேன். அவர் பெயர், பிறந்த இடம், கீழே ஒரே ஒரு வரி. எதுவும் பதிவாகவில்லை. மூன்று தடவை படித்தேன். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள். மகள் உறையை வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தாள்; கடிக்கட்டும் என்று விட்டேன், அதுவரை நான் அப்படி எதையும் விட்டதில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. வெயிலில் நடந்து திரும்பி வந்தபோதுகூடச் சிரிப்பாக இருந்தது.

அந்த நோட்டை யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை யாருமே படிக்காமல் எங்கேயோ கிடந்திருக்கலாம். நான் ஓடியது வீண் என்று கணவர் சில சமயம் சொல்வார். இருக்கலாம்.

மாமா மூத்த மகன் குடும்பத்தோடு இருந்துகொள்வதாக முடிவு. மூட்டை கட்டும்போது பெட்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்று கணவர்தான் சொன்னார், டிரான்ஸ்பார்மர் கல் மாதிரி கனம். எடுத்துக்கொண்டு போவோம் என்றேன் நான். அவர் ஆச்சரியப்பட்டார். ஆக்லாந்திலும் நம் ஊர் வோல்ட்டேஜ்தான், ப்ளக்கும் அதே கால்தான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இங்கிருந்து எடுத்துப்போகிற சாமான்களில் எதையும் மாற்றாமல் அப்படியே சுவரில் மாட்டக் கூடியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. வலையை மட்டும் இரண்டு மடங்காக அடிக்கச் சொன்னேன்.

நாடி விமான நிலையத்துக்கு மாமா எங்களோடு வந்தார். பஸ்ஸில் வழி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், மகளை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். சாமான் வாங்குகிற இடத்தில் சீருடைக்காரப் பெண் பெட்டியைச் சுற்றியிருந்த துணியை விலக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது என்ன?"

மாமா தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்றேன், மாமா" என்று முந்திக்கொண்டேன். "கிடார் ஆம்ப்ளிஃபயர், மேடம். ஐந்து வாட். வேணும்னா எழுத்துச் சொல்றேன்."

அவளுக்கு வேண்டாம். ஒரு சீட்டை ஒட்டி உள்ளே தள்ளினாள். பெட்டி ரப்பர்த் திரைக்குள் போகிறவரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நானும் அதான் சொல்ல வந்தேன்" என்றார் மாமா.

"என்ன சொல்ல வந்தீங்க?"

"கிடார் வயர்லெஸ்னு."

கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா மகளின் தலையில் கை வைத்தார், என்னிடம் குனிந்து, மகன் காதில் விழாமல் தமிழில் சொன்னார்: "அங்க குளிரு. நல்லா சூடு பண்ணிப் பாரு. டில்லி புடிச்சா ஒரு கடுதாசி போடு."

கோயில் பாட்டுப் புத்தகத்தை விரல் வைத்துப் படிக்கிற அளவுக்கு அவருக்குத் தமிழ் வரும். மாதம் ஒரு கடிதம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். பிள்ளை வளர்ந்ததை, மழையை, வேலையை எழுதுகிறேன். கடைசியில் அதற்கென்று ஒரு வரி விட்டுவைப்பேன். ஒவ்வொரு தடவையும் எது சரி என்று பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு, இன்னும் பிடிக்கவில்லை மாமா, இங்கே சூடாக நேரமாகிறது என்று எழுதி ஒட்டிவிடுவேன்.